வீரையன் முறை

சோலார் பம்பு வாங்க முன்னோர்கள் தேவைப்படுவார்கள் என்று வீரையனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆதார் கேட்டார்கள், கொண்டுபோனான். சிட்டா கேட்டார்கள், கொண்டுபோனான். மூன்றாவதாகத் தாத்தாவைக் கேட்டார்கள். தாத்தா செத்து முப்பது வருஷமாச்சு என்றான். அவர் வேண்டாம், அவருடைய அறிவு இருந்தால் போதும் என்றார்கள்.

கேட்டவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் நாலு பக்கமும் கண்ணாடி பதித்த கட்டடத்தில் இருக்கும் 'காவிரிப் படுகை மரபறிவு மற்றும் பசுமை ஆற்றல் ஒருங்கிணைப்பு மையம்'. அந்தப் பெயரை அதன் வாட்ச்மேனாலேயே ஒரு மூச்சில் சொல்ல முடியாது என்பதால் எல்லோரும் மரபு மையம் என்பார்கள். வெயிலில் ஓடும் மிஷினுக்கும் வழிவழியாக வந்த ஞானத்துக்கும் கல்யாணம் பண்ணிவைப்பது அவர்கள் தொழில். அதற்கு எங்கேயோ குளிர்தேசத்திலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. வெறும் சோலார் பம்பை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், அதில் என்ன பெருமை இருக்கிறது? மரபு மையம் கொடுக்கிற பம்புக்குள் கொஞ்சம் மரபையும் ஊற்றிக் கொடுப்பார்கள். மையத்தின் மொட்டைமாடி நிறைய சோலார் தகடுகள் பளபளக்கும். ஏசி ஓடுவதற்கு மட்டும் பின்பக்கம் ஒரு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும்.

வீரையனுக்கு ஊர், குத்தாலத்துக்குத் தெற்கே கீழமருதங்குடி. தாத்தா பண்ணையாள், அப்பா கூலிக்காரர். வீரையன் சிங்கப்பூருக்குப் போய்ப் பல வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டி, சேர்த்த காசை அப்படியே கொண்டுவந்து நாலு மா நிலம் வாங்கினான். ஒன்றேகால் ஏக்கரும் கொஞ்சமும் இருக்கும். மேலத்தெருக்காரர்களுக்கு அது மாடு கட்டுகிற இடம். வீரையனுக்கும் அவன் மனைவி பூவிழிக்கும் அதுதான் உலகம். இந்த ஆவணியில்தான் பத்திரம் பதிந்தார்கள். இந்தச் சம்பாதான் அவன் வம்சத்திலேயே சொந்த வயலில் போட்ட முதல் வெள்ளாமை. தை பிறந்தால் சொந்த அரிசியில் பொங்கல் வைக்கவேண்டும் என்று பூவிழி நாற்று விட்ட அன்றைக்கே புதுப்பானை வாங்கி வைத்துவிட்டாள்.

ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. ஆற்றிலும் தண்ணீர் குறைந்துபோனதால் வாய்க்காலில் முறை வைத்து விட்டார்கள். வயலோடு சேர்ந்து வந்த பில்டர் பாயிண்ட் என்கிற சின்ன ஆழ்துளைக் கிணறும் ஒரு கிழட்டு டீசல் எஞ்சினும்தான் பயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. எஞ்சின் தண்ணீரை இறைத்ததைவிட டீசலைக் குடித்தது அதிகம். அதனால்தான் வீரையன் சோலார் பம்புக்கு எழுதிப்போட்டான். பேராசைப்பட்டு எழுதவில்லை, பாவம், பயிர் பிழைக்கட்டுமே என்றுதான் எழுதினான்.

மையத்திலிருந்து கள ஒருங்கிணைப்பாளர் பிரகதீஸ்வரி வந்தாள். கைத்தறிப் புடவை, சுடுமண் தோடு, கையில் டேப். வரப்பில் கால் வைக்கும் முன்னால் செருப்பைக் கழற்றினாள். நெருஞ்சி குத்தியது. மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"வணக்கம் அறிவாளர் ஐயா" என்றாள். மையத்தில் விவசாயி என்ற சொல்லுக்குத் தடை. எல்லோரும் அறிவாளர்கள்.

வீரையன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"உங்க முன்னோர் என்ன அறிவை விட்டுட்டுப் போயிருக்காங்க, ஐயா?"

"எங்க தாத்தா பண்ணையாளுங்க. மடையைத் தொறன்னா தொறப்பாரு, அடைன்னா அடைப்பாரு. அவரு சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லீங்க."

பிரகதீஸ்வரி டேப்பில் எழுதினாள்: வாய்மொழிக் கட்டளை வழி நீர் மேலாண்மை.

"ரொம்ப நல்லது. காலங்காலமா நீங்க தண்ணி பாய்ச்சற முறை என்ன, ஐயா?"

இந்த இடத்தில்தான் வீரையன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பிரகதீஸ்வரி படித்ததெல்லாம் பெரிய ஊர்களில். அவளுக்கு முறை என்றால் வழிமுறை, நெறிமுறை, செய்முறை. தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு முறை என்றால் ஒன்றே ஒன்றுதான். வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்பது.

"எங்களுக்கு வெள்ளிக்கிழமைங்க" என்றான்.

பிரகதீஸ்வரியின் விரல் அப்படியே நின்றது. "வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"வெள்ளி மட்டுந்தாங்க."

"மத்த நாள்ல பாய்ச்சினா?"

"தொட்டா வெட்டுக்குத்து ஆயிடுங்க."

"அப்படி ஒரு ஐதீகமா?" அவள் கண் கலங்கிவிட்டது. "ஏன் ஐயா வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"யாருங்க தேர்ந்தெடுத்தா? நல்ல நாளெல்லாம் மேலத்தெருவுல எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் கெடந்தது கடைமடைக்கு."

அதை அவள் கேட்கவில்லை. ஏற்கெனவே செல்போனில் இயக்குநரைக் கூப்பிட்டு, "சார், கிடைச்சிருச்சு சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்த பம்பு வீரையனுக்கு ஒரே வாரத்தில் வந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பழைய எஞ்சினை மையத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். புகை கக்குகிற பழக்கத்தை அறிவாளர் மனமுவந்து துறக்கிறார் என்று அதற்கு அர்த்தமாம்.

பூவிழிக்கு மனசு ஒப்பவில்லை. "எஞ்சினைக் குடுக்காதீங்க. அது பாட்டுக்குக் கொட்டாயில ஒரு மூலையில கெடக்கட்டும். கஞ்சி ஊத்தப் போறமா அதுக்கு?"

"ரெண்டையும் வச்சுக்கக் கூடாதாம். வெயிலு ஓசிடி. டீசல் யாரு போடுறது?"

எஞ்சினுக்குப் பூசணிக்காய் உடைத்து, சங்கு ஊதி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். செத்தவனுக்கு ஊதுகிற சங்கா, சாமிக்கு ஊதுகிற சங்கா என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

பம்பை மாட்ட வந்தவன் இர்பான், மையத்தின் டெக்னீசியன். சுறுசுறுப்பான பையன். தகடுகளை நிறுத்தி, மோட்டாரை இறக்கி, கண்ட்ரோல் பெட்டியைப் பொருத்திவிட்டு, "போடுங்கண்ணே" என்றான். வீரையன் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டான். பெட்டியில் பச்சை எழுத்து ஓடியது: 'வணக்கம் அறிவாளரே. இன்று வியாழன். உங்கள் மரபை மதித்து ஓய்வில் இருக்கிறேன்.'

"என்னா தம்பி சொல்லுது?"

"வெள்ளிக்கிழமைதான் ஓடுமாம்ணே. நீங்கதான் அப்படிச் சொன்னீங்களாமே."

வீரையனுக்கு அப்போதுதான் தான் சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று உறைத்தது. "அட கடவுளே. அது வாய்க்கால் தண்ணிக்குத் தம்பி. முறைன்னா டேர்னு. இது நம்ம சொந்த போர்த் தண்ணி. இதுக்கு ஏது முறை?"

"எனக்குப் புரியுதுண்ணே. பெட்டிக்குப் புரியாது."

"கம்பியை அறுத்து நேரா குடுத்துட்டா?"

"செத்துடும். பெட்டியும் செத்துடும், மோட்டாரும் செத்துடும். அதுக்கு மேல ஒங்க மேல கேஸு போடுவாங்க, மரபைச் சேதப்படுத்தினதுக்கு. பூட்டு தஞ்சாவூர்ல இருக்குண்ணே. அங்க போயிப் பேசுங்க."

மறுநாள் வெள்ளிக்கிழமை பம்பு ஓடத்தான் செய்தது. நாலு மாவும் நனைந்தது. அதற்கடுத்த புதன்கிழமைக்குள் வெடிப்பும் விட்டது. பயிர் பொதி கட்டி, உள்ளே கதிர் உருவாகிற நேரம். நெல்லுக்கு எதுவும் தெரியாது, நாள் கிழமை பார்க்காமல் தாகம் எடுத்துத் தொலைக்கும்.

வீரையன் பஸ் ஏறித் தஞ்சாவூர் போனான். மையத்தின் வரவேற்புக் கூடத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அவனுடைய எஞ்சின். பளிங்கு மேடை, மேலே விளக்கு, சுற்றிச் சிவப்புக் கயிறு, கீழே ஒரு பலகை: 'புகை யுகத்தின் கடைசிச் சாட்சி.' எஞ்சினுக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டிருந்தார்கள். அவனிடம் இருந்தவரையில் அது இவ்வளவு அழகாக இருந்ததே இல்லை.

இயக்குநர் முனைவர் ஆராவமுதன் அன்பாகத்தான் வரவேற்றார். மண்குவளையில் சுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். தன் பங்குக்கு வெள்ளைக் கோப்பையில் வேறு காப்பி குடித்தார். வீரையன் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னான். ஐயா, அது முறை இல்லீங்க, முறைங்க. டேர்னுங்க ஐயா, டேர்னு.

ஆராவமுதன் பிரகதீஸ்வரியைப் பார்த்து வேதனையோடு சிரித்தார். "பாத்தியாம்மா? இருநூறு வருஷ அடிமைத்தனம் எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு. தன்னோட சொந்தச் சொல்லுக்கே மனுஷன் இங்கிலீஷ்ல அர்த்தம் சொல்றார்."

பிரகதீஸ்வரி உச்சுக்கொட்டினாள்.

"ஐயா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதெப்படி முடியும் வீரையன்? அறிவு உங்க தனிச்சொத்து இல்லையே. உங்க வாய் வழியா வந்தது, அவ்வளவுதான். சொன்னது உங்க முன்னோர். அவங்க வந்து சொல்லட்டும், எடுத்துடறேன்."

"பயிரு காயுதுங்க ஐயா."

"காயறதும் ஒரு அறிவுதான்" என்றார் ஆராவமுதன். "தாவரத்துக்குத் தாகத்தைப் பழக்கறது. உங்க ஆளுங்க அதை எவ்வளவு நுட்பமா செஞ்சிருக்காங்க தெரியுமா? நாள் முழுக்கப் பட்டினியா வேலை செஞ்சு பழகின சமூகம். அந்தத் தத்துவத்தை அப்படியே பயிருக்கும் கொண்டுபோயிருக்கீங்க. நான் அசந்துபோயிட்டேன்."

வீரையனுக்குத் தாத்தாவின் ஒட்டிய வயிறு நினைவுக்கு வந்தது. அது தத்துவம் என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரியாது. பம்பு இவர் கையில் இருக்கிறதே என்று கோபத்தை விழுங்கிக்கொண்டான்.

"அப்படின்னா எஞ்சினையாவது அறுப்பு வரைக்கும் குடுங்கய்யா. அறுப்பு முடிஞ்சதும் கொண்டாந்து வச்சுடறேன்."

"கொடுத்திருப்பேன். ஆனா எண்ணெய் ஒழுகிப் பளிங்கெல்லாம் பாழாப்போகுதுன்னு உள்ளே சிமென்ட் ஊத்திட்டாங்களே."

ஒன்றும் செய்யாமல் அனுப்பினார் என்று ஆராவமுதன்மேல் பழி சொல்லக் கூடாது. புகார் வந்தால் நடவடிக்கை எடுப்பவர் அவர். பம்பில் மரபு போதாததால்தான் அறிவாளர் சங்கடப்படுகிறார் என்று முடிவுக்கு வந்து, மூன்று நிபுணர்களைக் கீழமருதங்குடிக்கு அனுப்பினார்.

முதல் நிபுணர் வாஸ்து. தகடுகள் தெற்கே பார்த்திருப்பதைக் கண்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தெற்கு எமன் திசை, அந்தப் பக்கம் பார்த்தால் விளங்குமா? வடக்கு குபேர திசை. தகடுகளை அப்படியே வடக்கே திருப்பினார்கள். "சார், மார்கழி வெயிலு தெக்கால சாஞ்சு அடிக்கும் சார்" என்று இர்பான் சொல்லிப் பார்த்தான். "வெயிலுக்குத் தெரியும் எங்கே வரணும்னு" என்றார் நிபுணர்.

இரண்டாவது நிபுணர் பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம், மூன்று முதல் நாலரை எமகண்டம். இரண்டையும் பெட்டிக்குள் ஏற்றினார். மூன்றாவது நிபுணர்தான் எமகாதகர். மார்கழியில் புதுக்காரியம் தொடங்கக் கூடாது அல்லவா? ஓடுகிற மோட்டார் நடுவில் நின்றுபோனால், மறுபடி ஓட்டுவது புதுக்காரியம் அல்லவா? எனவே அன்றைக்கு ஒரு தடவை நின்றால் நின்றதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பம்பு மூச்சுவாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. முதல் மடை நனைவதற்குள் சூரியனை ஒரு மேகம் மறைத்தது. பெட்டியில் எழுத்து ஓடியது: 'அறிவாளரே, அடுத்த வெள்ளி சந்திப்போம்.'

அந்த மேகமாவது பெய்ததா என்றால் அதுவும் இல்லை.

இதற்குள் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. 'வாரம் ஒரு நாள் பாசனம்: வழிகாட்டும் வீரையன் முறை.' வரப்பில் அவன் நிற்கிற படத்தையும் போட்டிருந்தார்கள். மேலத்தெருவில் கரண்ட் மோட்டார் வைத்திருக்கிற ரெங்கசாமியிடம் போய், ஒரு நாள், ஒரே ஒரு நாள் தண்ணீர் விடச் சொல்லிக் கேட்டான் வீரையன்.

"உனக்கென்னப்பா குறை? உம்பேர்லயே முறை வந்தாச்சு" என்றார் ரெங்கசாமி. "நாலு பேருக்கு வழிகாட்டறவன் எங்கிட்ட வந்து நிக்கலாமா? போ, போயி வெள்ளிக்கிழமை வரைக்கும் வழிகாட்டு." சொல்லிவிட்டு அவர் தம் வாய்க்காலில் வழிந்த தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பினார்.

அதன்பிறகு பூவிழி தெருப்பம்பில் குடம் பிடித்துத் தூக்க ஆரம்பித்தாள். நாலு மாவையும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும். மூலையில் ஒரு பாய் அளவுக்காவது பச்சையாக நிற்கட்டும், பொங்கலுக்கு ஒரு படி நெல்லாவது தேறட்டும். அவள் இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. வீரையன் இரண்டு கையிலும் பக்கெட். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரித்ததை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரகதீஸ்வரி வந்துவிட்டாள். குடத்தைப் பார்த்ததும் அவள் முகம் வாடிப்போயிற்று.

"ஐயா, என்ன இது? இன்னைக்குச் செவ்வாய்."

"பாய் அளவு எடந்தாம்மா. பொங்கலுக்கு."

"உங்க மரபை நீங்களே மீறினா, நாங்க யாருக்காக இவ்வளவு பாடுபடறோம்?" அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. பாசாங்கு இல்லை, நல்ல பெண்தான். அதுதான் இதில் கொடுமை. "எங்க டேட்டாவெல்லாம் கெட்டுப்போயிடும், ஐயா. வெள்ளிக்கிழமைத் தண்ணியில வளர்ந்ததா, குடத்துத் தண்ணியில வளர்ந்ததான்னு எப்படிப் பிரிக்கறது? ப்ளீஸ்."

பூவிழி குடத்தை இறக்கி வைத்தாள். "ஏம்மா, நீ சோறு திங்கிறியா, வெள்ளிக்கிழமை திங்கிறியா?"

அடுத்த நாள் மையத்திலிருந்து ஆள் வந்து, ஆய்வுத் தூய்மையைக் காப்பதற்காக வயலைச் சுற்றிப் பச்சை வலை கட்டிவிட்டுப் போனான். வீரையன் தன் வயலுக்குள் போவதற்குத் தஞ்சாவூருக்குப் போன் பண்ண வேண்டியதாயிற்று.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்கிற தருணம். அன்றைக்கு ஒரு நல்ல பாய்ச்சல் கிடைத்துவிட்டால் பாதியாவது தேறும் என்று வீரையன் கணக்குப் போட்டான். தவறவிட்டால் அத்தனையும் அரிசி பிடிக்காத கருக்காய்தான். முதல் நாள் இர்பானைக் கெஞ்சி, காதும் காதும் வைத்த மாதிரி தகடுகளை மறுபடி தெற்கே திருப்பி வைத்துக்கொண்டான். வானமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பூவிழி வியாழக்கிழமையே தலைமுழுகி விரதம் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழு கார்கள் வந்தன. பணம் கொடுக்கிற குளிர்தேசத்துக்காரர்கள் வீரையன் முறையைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார்கள். ஷாமியானா போட்டார்கள். நாதஸ்வரம் வந்தது. விருந்தினர்களுக்கு இளநீர் வெட்டினார்கள். கடைசியாக முப்பதடி நீள ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆராவமுதன் கைகூப்பிச் சிரிக்கிற படம், பக்கத்தில் சின்னதாக வீரையன். அதைக் கட்டுவதற்கு வயலில் மரம் ஏது? உயரமாக இருந்தது தகடுகள்தான். கொண்டுபோய் அதன்மேலேயே இழுத்துக் கட்டினார்கள்.

சுவிட்சைப் போட்டார்கள். பம்பு முனகியதோடு சரி, ஓடத் தொடங்கவே இல்லை.

வீரையன் ஓடினான். "ஐயா, பானர் வெயிலை மறைக்குதுங்க. அவுத்துட்டாப் போதும், ஓடிரும்ங்க."

ஆராவமுதன் அவன் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போனார். வாய் சிரித்துக்கொண்டே இருந்தது, கேமரா இருந்ததால். "அதுல யார் படம் இருக்குன்னு பாத்தீங்களா?"

"உங்க படம்ங்க."

"அதை அவுக்கச் சொல்றீங்க."

"உங்களை இல்லீங்க, பானரை."

"வீரையன், பம்பு எப்ப வேணா ஓடும். விருந்தாளிங்க மத்தியானம் பிளைட் பிடிக்கணும்."

இப்படி ஏதாவது நடக்கும் என்று மையம் முன்யோசனையோடுதான் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்கர் லாரி நின்றது. டீசல் மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பம்பின் குழாய்க்குள் சொருகித் திறந்துவிட்டார்கள். குழாய் வாயிலிருந்து தொடை கனத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரம்மாள் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீர் வெடிப்புகளுக்குள் குடுகுடுவென்று இறங்கிற்று. பூவிழி வலைக்கு வெளியே நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டேங்கரோ கீங்கரோ, தண்ணீர் தண்ணீர்தானே.

ஆராவமுதன் மைக்கைப் பிடித்தார்.

"மின்சாரம் என்பது மேற்கு கண்டுபிடித்தது. காத்திருத்தல் என்பது நாம் கண்டுபிடித்தது. இரண்டையும் இணைத்திருக்கிறோம். பயிர் வளர்ந்ததா என்று சிலர் கேட்கிறார்கள். இது மிகவும் குறுகிய பார்வை. எங்கள் மையம் தொடங்கி ஒன்பது ஆண்டுகளில் ஒரு மூட்டை நெல்கூட நாங்கள் விளைவித்ததில்லை. ஆனால் நாற்பத்தொரு கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம். ஏழைகளிடம் தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், நிலம் இல்லாமல் இருக்கலாம். அறிவு இருக்கிறது. அதை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளாமல் நாங்கள் ஓயமாட்டோம்."

பலத்த கைதட்டல். படம் எடுத்து முடிந்ததும் டேங்கர்காரன் மோட்டாரை நிறுத்தினான். தண்ணீர் வயலில் பத்தடிகூடப் போயிருக்காது. பைப்பைச் சுருட்டி லாரியில் போட்டான். வீரையன் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"டேங்குல பாதிக்கு மேல இருக்குங்களே. அதைத் தொறந்து வுட்டுட்டுப் போங்க. புண்ணியமாப் போவும்."

"எனக்கென்னங்க, ஊத்திருவேன். மீதியைக் கொண்டாந்து ஆபீஸ் புல்லுக்கு விடணும்னு சொல்லியிருக்காங்க. புல்லு வாடுதாம்."

லாரி போய்விட்டது. ஃப்ளெக்ஸை அவிழ்த்தபோது எமகண்டம் தொடங்கியிருந்தது.

தை பிறந்தது. நாலு மாவும் வெளுத்து நின்றது. கதிரை உருவினால் கையில் உமிதான் வந்தது. பூவிழி புதுப்பானையில் ரேஷன் அரிசியைப் போட்டுப் பொங்கினாள். பொங்கியபோது குலவையிடவில்லை. "ஊரான் வயலு காஞ்சப்பல்லாம் நான் கூலி போச்சேன்னுதான் நெனைச்சிருக்கேன். ஒரு நாளும் அழுததில்ல" என்றாள். "இது நம்மதுங்க. வயித்துல வச்சிருந்தது கலைஞ்ச மாதிரி இருக்கு." வீரையன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மையத்தின் அறிக்கை பளபளவென்று வெளியாயிற்று. வீரையன் முறையால் பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடி நீர் மிச்சமாகியிருக்கிறது. விளைச்சல் குறித்த விவரம் ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை. நிவாரணம் கேட்டு வீரையன் தாலுகா ஆபீசுக்குப் போனான். வறட்சியால் காய்ந்தால் உண்டு, வெள்ளத்தில் அழுகினால் உண்டு, கொள்கைக்காகக் காயவிட்டதற்கு நிவாரணம் கிடையாது என்று பேப்பரில் வந்த அவன் படத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

மரபு மையம் மட்டும் அவனைக் கைவிடவில்லை. வயலை அப்படியே ஐந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து, 'வாழும் மரபு வளாகம்' என்று பலகை நட்டது. காய்ந்த பயிரை யாரும் அறுக்கக் கூடாது, அது காட்சிப் பொருள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல வீரையனையே மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கழுத்தில் அடையாள அட்டை, மேலே காவித் துண்டு. என்ன பேசவேண்டும் என்று பிரகதீஸ்வரி எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை.

மாசி மாதம் கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து அண்ணாதுரை என்று ஒருவர் வந்தார். அவரும் கூலிக்காரக் குடும்பம், அவரும் இப்போதுதான் ஒரு ஏக்கர் வாங்கியிருக்கிறார். பம்பு கொடுக்கிறோம், எஞ்சினைக் கொடு என்று அவரிடமும் மையத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து வீரையனிடம் வந்தார். கொஞ்சம் தள்ளிப் பூவிழி சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நாம நாமளாப் பேசிக்குவோம்" என்றார் அண்ணாதுரை. "ஆபீசருங்க சொல்றது எனக்கு நம்பிக்கை வரல. நம்ம ஆளு நீங்க. எம்பொண்ணு காலேஜு படிப்பு இந்த ஒரு ஏக்கர்லதான் இருக்கு. எஞ்சினைக் குடுக்கலாமா?"

வீரையன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். இன்னும் பத்து அறிவாளர்களைச் சேர்த்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று ஆராவமுதன் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான்.

"தாராளமாக் குடுங்க" என்றான். "ஆரம்பத்துல கொஞ்சம் செரமமாத்தான் இருக்கும். நம்ம முன்னோருங்க ஒண்ணும் முட்டாளுங்க இல்லீங்களே."

அண்ணாதுரைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க சொல்லிட்டீங்க, போதும்ணே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடை பெற்றார்.

அவர் வண்டி மறைந்ததும் பூவிழி, "ஏங்க அப்புடிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வேற என்னாத்தச் சொல்றது? ஒண்ணாந்தேதி ஒலை வைக்க வேண்டாமா?"

அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதை அவனிடம் கொடுக்காமலே வரப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம் மையத்து லாரி கீழ்வேளூருக்குப் போனது. வீரையனும் கூடப் போனான். எஞ்சினைத் தூக்க ஆள் போதவில்லை. அவன் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தானும் ஒரு கை கொடுத்தான்.